கோதுமை ரொட்டிக்கு மைதாவின் கணக்கு ஒத்துவராது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான ‘வீட்டிலேயே கோதுமை பிரெட்’ என்ற சமையல் குறிப்பைப் பற்றி இந்தக் கடிதம். மூன்று கப் கோதுமை மாவு, ஒரு கப் வெந்நீர், இரண்டு டீஸ்பூன் ஈஸ்ட், உப்பு, சர்க்கரை, எண்ணெய். பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். இரண்டு மடங்கானதும் டின்னில் போட்டு 200 டிகிரியில் 30 நிமிடம். சூடாக வெட்டிப் பரிமாறலாம், மீதியை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். செய்முறை என்று இவ்வளவுதான் அதில் இருந்தது.

இது மைதா ரொட்டியின் குறிப்பு. மைதா என்ற இடத்தில் கோதுமை மாவு என்று மாற்றியிருக்கிறார்கள், வேறு எதையும் மாற்றவில்லை. இதைப் பார்த்துச் செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு அடி கனத்து, நடுவில் பிசுபிசுத்து, மேலே வெடித்த ஒரு கட்டிதான் கிடைத்திருக்கும். தன் கைக்கு ரொட்டி வராது என்று முடிவுகட்டி, மீதி ஈஸ்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். தவறு அவர்கள் கையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. அதை வரிக்கு வரி சொல்ல இடம் கொடுக்க வேண்டுகிறேன்.

முதலில் தண்ணீர். கப்பை மாவுக்குள் விட்டு அள்ளினால் 145 கிராம் வரும், கரண்டியால் தூவி நிரப்பினால் 120 கிராம்தான். ஆக, மூன்று கப் என்பது 360 கிராமாகவும் இருக்கலாம், 435 கிராமாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு கப், அதாவது 240 மில்லி தண்ணீர் என்றால், நூறு கிராம் மாவுக்கு 55 முதல் 67 மில்லி. இது பூரிக்கும் சப்பாத்திக்கும் பிசைகிற பதம். மைதாவில் இந்தத் தண்ணீருக்கு ரொட்டி வரும். முழுக்கோதுமை மாவில் வராது.

ஏன் வராது என்றால், நாம் வாங்கும் ஆட்டா கல்லில் அரைபடுவது. கோதுமைமணியில் ஏறத்தாழ 14 சதவீதம் தவிடு, 3 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக முளைக்கரு, மீதியெல்லாம் வெள்ளைப் பருப்பு. மைதா உருளை ஆலையில் அந்த வெள்ளைப் பகுதியை மட்டும் பிரித்து எடுத்தது. ஆட்டாவில் மூன்றும் இருக்கின்றன. போதாததற்கு, கல்லின் அழுத்தத்திலும் சூட்டிலும் மாவுச்சத்தின் மணிகள் உடைபடுகின்றன. உடைந்த மணி உடையாத மணியைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். சப்பாத்தி மணிக்கணக்கில் மெத்தென்று இருப்பதற்கு இதுதான் காரணம், அங்கே இது வரம். தவிடும் தன் பங்குக்குத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஆனால் மெதுவாக. பிசையும்போது சரியாகத் தெரிந்த மாவு அரைமணி கழித்து இறுகிப்போவது அதனால்தான். இறுகிய மாவில் ஈஸ்ட் எவ்வளவு காற்றை ஊதினாலும் சுவர் விரிந்து கொடுக்காது.

எனவே 400 கிராம் ஆட்டாவுக்கு 310 மில்லியில் தொடங்கி, மாவைப் பொறுத்து 340 வரை போகலாம். போளிக்கு மேல்மாவு பிசைகிற பதம் எல்லோருக்கும் தெரியும். கையில் எடுத்தால் மெல்லத் தொங்கும், லேசாக ஒட்டும், இழுத்தால் வரும். அதுதான் கோதுமை ரொட்டிக்கும் பதம். ஒட்டுகிறதே என்று உலர்மாவு தூவுகிற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு பிசைந்தால் போதும்.

இரண்டாவது, ஊறவைப்பது. உங்கள் குறிப்பில் இது அறவே இல்லை. மாவையும் 310 மில்லி தண்ணீரையும் மட்டும், உலர்மாவு கண்ணில் படாத அளவுக்குக் கலந்து, 40 நிமிடம் மூடி வைக்க வேண்டும். ஈஸ்ட், உப்பு, எண்ணெய் எதுவும் அப்போது வேண்டாம். தவிட்டின் ஓரங்கள் உலர்ந்திருக்கும்போது கண்ணாடித் தூள்போலக் கூர்மையாக இருக்கும். மாவின் பசையை, அதாவது குளூட்டனை, அவை பிசையப் பிசைய அறுத்துக்கொண்டே இருக்கும். ஊறிய தவிடு வளையும், அறுக்காது. 40 நிமிடம் கழித்துப் பாத்திரத்தைத் திறந்து மாவின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். யாரும் பிசையாமலேயே பாதி பசை சேர்ந்திருக்கும். வைத்தபோது பிய்ந்து வந்த மாவு இப்போது ஒரு சாண் நீளும்.

இன்னும் பொறுமை உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மாவைச் சன்னச் சல்லடையில் சலித்துத் தவிட்டைத் தனியே எடுக்க வேண்டும். சல்லடையைப் பொறுத்து 400 கிராமில் 30 முதல் 50 கிராம் வரை வரும். அது மூழ்கும் அளவுக்குக் கொதிநீர் ஊற்றி ஆற வைத்து, சலித்த மாவை நன்றாகப் பிசைந்து முடித்த பிறகு, இந்த ஊறிய தவிட்டைக் கடைசியில் சேர்த்துப் பிசையலாம். அதற்கு ஊற்றிய நீரை மொத்தக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். சத்தில் ஒரு துளியும் குறையாது, ரொட்டி ஒரு விரல் உயரம் கூடுதலாக எழும்பும்.

மாவைப் பற்றி ஒரு சோதனை சொல்ல வேண்டும். பையில் அச்சிட்டிருக்கும் எதையும்விட இது நம்பகமானது. 100 கிராம் மாவை 60 மில்லி தண்ணீரில் பிசைந்து உருட்டி, ஒரு கிண்ணம் தண்ணீரில் அரைமணி மூழ்க வையுங்கள். பிறகு அதே தண்ணீரில் விரல்களால் மெதுவாகக் கசக்குங்கள். பால்போல வெள்ளையாக மாவுச்சத்து இறங்கும். நீரை மாற்றி மாற்றி, தெளியும்வரை கசக்கினால், கையில் பழுப்பாக ஒரு சவ்வு மிஞ்சும். அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுக்கும்போது நாம் சக்கையோடு ஒதுக்குகிறோமே, அதே பசைதான். ரொட்டியை நிமிர்த்தி நிறுத்துவது அதுதான். நீரைப் பிழிந்துவிட்டு எடை போட்டால் 25 கிராமுக்கு மேல் இருக்க வேண்டும், இழுத்தால் நீண்டு திரும்பவும் சுருங்க வேண்டும். 20 கிராமுக்குக் கீழே வந்தாலோ, இழுத்ததும் பஞ்சுபோலப் பிய்ந்தாலோ, அந்த மாவு தனியாக ரொட்டியாகாது. அதற்கு 400 கிராமுக்கு 12 முதல் 16 கிராம் குளூட்டன் பவுடர் சேர்க்கலாம். அது தன் எடையைப்போல ஒன்றரை மடங்கு தண்ணீர் கேட்கும், 12 கிராமுக்கு 18 மில்லி கூட்டிக்கொள்ள வேண்டும். அது கிடைக்காத ஊரில் கால் பங்கு மைதா சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சம்பா கோதுமையில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். ரவைக்கும் கஞ்சிக்கும் அல்வாவுக்கும் அதற்கு ஈடில்லை. ஆனால் அதன் பசைக்கு இழுவை போதாது, டின்னில் எழும்பி நிற்காது. ரேஷன் கடைக் கோதுமையை மில்லில் அரைத்துச் செய்யலாம், நன்றாகவே வரும். கழுவிக் காயவைத்த கோதுமையை வறுக்கக் கூடாது. இடியாப்ப மாவுக்கு வறுக்கிற பழக்கத்தில் கோதுமையையும் வறுத்து அரைப்பவர்கள் உண்டு, வறுபட்ட மாவில் பசை சேராது. மில்லிலிருந்து வரும்போது மாவு கை சுடும் அளவுக்கு இருக்கும். உடனே டப்பாவில் அடைக்காமல் அகலத் தட்டில் பரப்பி முழுக்க ஆறவிட வேண்டும். மில்காரரிடம் முந்திய ஈடு என்ன என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. அரிசியோ கேழ்வரகோ அரைத்த கையோடு அரைத்தால் கல்லில் தங்கியிருந்த அந்த மாவும் நம் மாவோடு வந்து சேரும், அதில் பசையே கிடையாது. மிளகாய் அரைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முளைக்கருவில் எண்ணெய் இருப்பதால் ஆட்டா நாள்பட்டால் சிக்குவாடை பிடிக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சப்பாத்தி சுட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள். அடிநாக்கில் கசந்தால் அந்த மாவில் ரொட்டி வேண்டாம்.

சத்துக்காகக் கேழ்வரகு, சோயா, கடலைமாவு சேர்ப்பவர்கள் மொத்த மாவில் 15 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த ‘வெந்நீர்’. இதுதான் என்னை எழுதத் தூண்டிய வரி. குளிர்நாட்டுச் சமையலறைக்கு எழுதிய குறிப்பிலிருந்து வந்த வரி இது. வெளியே 15 டிகிரி இருக்கும் ஊரில் வெந்நீர் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் மே மாதத்தில் அது கேடு. பிசைந்து முடிக்கும்போது மாவின் சூடு 26, 27 டிகிரியில் இருப்பதுதான் நல்லது. அதற்குத் தண்ணீர் எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்பதைப் பேக்கரிக்காரர்கள் ஒரு எளிய கணக்கில் கண்டுகொள்வார்கள். வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறையின் சூட்டையும் மாவின் சூட்டையும் கழிக்க வேண்டும். கையால் பிசைவதில் ஏறும் சூட்டுக்காக இன்னும் 2 கழிக்க வேண்டும். 26ஐ மூன்றால் பெருக்க 78. அறை 34, டப்பாவிலுள்ள மாவு 33, பிசைவதற்கு 2, மொத்தம் 69. மீதி 9. அதாவது 9 டிகிரித் தண்ணீர், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் தண்ணீர்! அந்த இடத்தில் வெந்நீர் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் மாவு பொங்கி, தளர்ந்து, சாராய வாடை அடிக்கும். இன்னும் சூடான நீரானால் ஈஸ்டே செத்துப்போகும், 55 டிகிரிக்கு மேல் அது தாங்காது.

ஈஸ்டில் மூன்று வகை உண்டு. குறிப்பில் எந்த ஈஸ்ட் என்று சொல்லாமல் ‘2 டீஸ்பூன்’ என்று போட்டால் அது பாதித் தகவல். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம் என்றால், குருணையாக இருக்கும் ஆக்டிவ் டிரை ஈஸ்ட் 5 கிராம், கட்டியாக விற்கும் பச்சை ஈஸ்ட் 12 கிராம். இன்ஸ்டன்ட்டை நேரே மாவில் கலக்கலாம். ஆக்டிவ் டிரையை மட்டும் கால் கப் வெதுவெதுப்பான நீரில், 38 முதல் 40 டிகிரியில், ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு 10 நிமிடம் நுரைக்கவிட வேண்டும். அந்த நீரையும் மொத்தக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். 400 கிராம் ஆட்டாவுக்குச் சாதாரண நாளில் இன்ஸ்டன்ட் 4 கிராம் போதும், கோடையில் 3 கிராம், ஊட்டி, கொடைக்கானலில் 5 கிராம். பிரித்த பாக்கெட்டை அலமாரியில் வைத்தால் நம் ஊர் ஈரத்தில் சில வாரங்களில் வீரியம் போய்விடும். இறுக மூடிய சின்னப் பாட்டிலில், ஃப்ரீசரில் வையுங்கள்.

ஊறிய மாவில் ஈஸ்ட், 8 கிராம் உப்பு, 12 கிராம் பொடித்த வெல்லம் சேர்த்து 10 நிமிடம் பிசைய வேண்டும். உப்பை ருசிக்கு என்று நினைத்துக் குறைப்பவர்கள் கவனிக்க வேண்டும். மாவின் எடையில் 2 சதவீத உப்பு பசையை இறுக்கிப் பிடிக்கும், ஈஸ்டின் வேகத்தையும் கட்டுப்படுத்தும். உப்பில்லாத மாவு கோடையில் கட்டுக்கு நிற்காது. 20 கிராம் எண்ணெயைப் பத்து நிமிடப் பிசைவுக்குப் பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்பே ஊற்றினால் அது மாவுத் துகளை மூடிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. பிறகு இன்னும் நான்கு நிமிடம். பதம் பார்க்க, நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து இரண்டு கைவிரல்களாலும் நான்கு பக்கமும் மெல்ல விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மைதாவில் கண்ணாடித்தாள் மாதிரி வரும். ஆட்டாவில் அவ்வளவு வராது. தவிட்டுப் புள்ளிகள் தெரியத் தெரிய, விரலின் நிழல் மங்கலாகத் தெரியும் அளவுக்கு விரிந்தால் போதும். அதற்கு முன்பே கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம் பிசைய வேண்டும்.

அடுத்தது ‘ஒரு மணி நேரம், இரண்டு மடங்கு’. மாவுக்குக் கடிகாரம் தெரியாது, சூடுதான் தெரியும். 33 டிகிரி அறையில் 45 நிமிடத்தில் ஆகிவிடும் வேலைக்கு, 18 டிகிரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அது போக, ஆட்டாவில் ஈஸ்டுக்குத் தீனி அதிகம், தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள நொதிகள் உடைந்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் மைதாவைவிட வேகமாகப் பொங்கும். பசை மட்டும் மைதா அளவுக்கு வலுவில்லை. இரண்டு மடங்கு வரை காத்திருந்தால் சுவர் மெலிந்து, அடுப்பில் ஏற்றியதும் அமுங்கிவிடும். ஒன்றே முக்கால் மடங்கோடு நிறுத்த வேண்டும். அகலப் பாத்திரத்தில் இதைக் கண்ணால் அளக்க முடியாது. பிசைந்த மாவில் எலுமிச்சை அளவு எடுத்து, நேரான கண்ணாடி டம்ளரில் அமுக்கி, மேல்மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போடுங்கள். பெரிய மாவின் பக்கத்திலேயே அந்த டம்ளரும் இருக்கட்டும். ரப்பர் பேண்டுக்கு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது பொய் சொல்லாது.

பொங்கிய மாவை அடித்து நொறுக்காமல், உள்ளங்கையால் அமுக்கி டின்னின் நீளத்துக்குச் சதுரமாக்கி, பாயைச் சுருட்டுவதுபோல் இறுக்கமாகச் சுருட்டி, விளிம்பைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் அடியில் வரும்படி டின்னில் வைக்க வேண்டும். 400 கிராம் மாவுக்கு எட்டரை அங்குல நீளம், நாலரை அங்குல அகலம் உள்ள டின் பொருந்தும். பெரிய கேக் டின்னில் போட்டுவிட்டு உயரம் வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. மறுபடி 30 முதல் 40 நிமிடம். நடுப்பகுதி டின்னின் விளிம்புக்கு ஒரு விரல்கடை மேலே வந்ததும், ஓரத்தில் ஈரவிரலால் அரை அங்குலம் குத்திப் பாருங்கள். பள்ளம் சட்டென்று நிரம்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக, பாதி அளவுக்கு எழும்பினால் அதுவே வேளை. பள்ளம் அப்படியே நின்றால் நேரம் தாண்டிவிட்டது. அதை அடுப்பில் வைத்தால் மேல்புறம் குழியும். திரும்ப எடுத்துச் சுருட்டி, 20 நிமிடம் வைத்துச் சுட்டால் ஓரளவு காப்பாற்றலாம். அடுப்பு அந்நேரம் தயாராக இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. டின்னில் போட்ட பத்து நிமிடத்திலேயே அடுப்பை மூட்டிவிடுங்கள்.

ஓ.டி.ஜி. என்கிற மின்சார அடுப்பில் மேல் கீழ் இரண்டு கம்பியும் எரிய, 220 டிகிரியில் 20 நிமிடம் காய வேண்டும். விளக்கு அணைந்ததும் காய்ந்துவிட்டதாக அர்த்தமில்லை, சுவரும் காய வேண்டும். 220இல் 10 நிமிடம், பிறகு 190க்கு இறக்கி 28 முதல் 32 நிமிடம். சிறிய அடுப்பில் மேல்கம்பி ரொட்டிக்கு மிக அருகில் இருப்பதால் 20ஆவது நிமிடத்தில் மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட வேண்டும். உங்கள் குறிப்பிலுள்ள 30 நிமிடம் ஆட்டாவுக்குப் போதாது. தண்ணீர் கூடுதல் என்பதால் நேரமும் கூடும். அடிப்பக்கத்தைத் தட்டினால் காலிப் பானைபோல ஒலிக்க வேண்டும். உணவு வெப்பமானி இருந்தால் நடுவில் 94 முதல் 96 டிகிரி. ஊட்டியில் இருப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. 2,200 மீட்டருக்கு மேல் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். ரொட்டியின் நடுப்பகுதி 95ஐத் தொடவே தொடாது, காய்ந்து சருகாகும். அங்கே 90, 91இல் எடுத்துவிட வேண்டும். முதல் கால்மணிக்குள் மின்சாரம் போனால் கதவைத் திறக்காமல் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அடுப்பில்லாதவர்கள் குக்கரில் செய்யலாம். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு கப் கல்லுப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்ட் வைத்து, நடுத்தர தீயில் 10 நிமிடம் காயவைத்து, டின்னை வைத்துச் சிறுதீயில் 45 முதல் 50 நிமிடம். மேல்புறம் வெளுத்தே இருக்கும், தோசைக்கல்லில் கவிழ்த்து நிறம் ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான். தண்ணீரில்லாமல் அடிக்கடி இப்படிக் காய்ந்தால் குக்கர் கெடும். பழைய குக்கர் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். மைக்ரோவேவில் கன்வெக்ஷன் வசதி இல்லையென்றால் முயலவே வேண்டாம், வேகும், ஆனால் ரொட்டியாகாது.

‘சூடாக வெட்டிப் பரிமாறவும்’ என்ற வரியை நீக்கிவிடுங்கள். அடுப்பிலிருந்து எடுத்த ஐந்தாவது நிமிடம் டின்னைவிட்டு எடுத்து, காற்றுப் புகும் கம்பித்தட்டில் வைக்க வேண்டும். டின்னிலேயே விட்டால் ஆவி வியர்த்து அடி சொதசொதக்கும். பிறகு இரண்டு மணி நேரம் கத்தி வைக்கக் கூடாது. உள்ளே மாவுச்சத்து இறுகிக் கட்டமைவது ஆறும்போதுதான். சூட்டில் வெட்டினால் கத்தியில் களிபோல ஒட்டிக்கொண்டு வரும். பலர் வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப அடுப்பில் வைப்பது இதைப் பார்த்துத்தான். ஆறிய பிறகும் அடியில் விரல்கனத்துக்கு ஈரக்கோடு இருந்தால் அப்போதுதான் அது வேகாதது.

ஃபிரிட்ஜில் ஒரு வாரம் என்பதும் தவறான ஆலோசனை. ரொட்டி வறண்டு பழசாவது ஃபிரிட்ஜின் குளிரில்தான் மிக வேகமாக நடக்கும். ஒன்றரை நாளைக்குள் தீர்ந்துவிடும் என்றால் துணியில் சுற்றி வெளியே, இல்லையென்றால் துண்டு போட்டு ஃப்ரீசரில். தேவைப்படும்போது நேரே தவாவில் வைத்து எடுக்கலாம்.

நம் தட்பவெப்பத்தில் இன்னொரு ஆபத்து உண்டு.  சில சமயம் இரண்டாம் நாள் ரொட்டியில் பூஞ்சை எதுவும் இருக்காது. ஆனால் அழுகிய அன்னாசி போன்ற இனிப்பு வாடை வரும். பிட்டால் நடுவில் பழுப்புநிறத்தில் பிசுபிசுத்து, சிலந்தி நூல்போல இழை இழுபடும். பேசில்லஸ் வகைப் பாக்டீரியாவின் வேலை இது. மண்ணிலிருந்து தவிட்டில் ஒட்டி வரும் அதன் வித்துகள் அடுப்புச் சூட்டையும் தாண்டிப் பிழைத்து, 35 டிகிரி ஈரச்சூட்டில் முளைக்கும். மைதாவைவிட ஆட்டா ரொட்டிக்கு இது அதிகம் வரும். அப்படிப்பட்ட ரொட்டியைச் சுரண்டியோ மறுபடி சுட்டோ சாப்பிடக் கூடாது, முழுவதையும் எறிந்துவிட வேண்டும். பாத்திரம், டின், மேடை எல்லாவற்றையும் சோப்புபோட்டுக் கழுவி, வினிகரால் துடைக்க வேண்டும், திறந்திருந்த மாவையும் மாற்ற வேண்டும். வராமல் தடுக்க, மாவில் புளிப்பு சற்றுக் கூடினால் போதும். 310 மில்லித் தண்ணீரில் 60 மில்லியைக் குறைத்து, அதற்குப் பதில் நன்றாகப் புளித்த தயிரைக் கரைத்து ஊற்றலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை இதைத் தவறாமல் செய்வது நல்லது.

சத்து பற்றி உங்கள் குறிப்பின் தலைப்புக்குக் கீழே ‘சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்’ என்று போட்டிருந்தீர்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட அட்டவணைப்படி நூறு கிராம் ஆட்டாவில் நார்ச்சத்து சுமார் 11 கிராம், மைதாவில் 3 கிராமுக்கும் குறைவு. அந்த வித்தியாசம் பெரியது, அதற்காகவே இத்தனை பாடும் படலாம். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தில் வித்தியாசம் அவ்வளவு இல்லை. 2008இல் வெளியான பன்னாட்டுக் கிளைசெமிக் குறியீட்டு அட்டவணையில் வெள்ளை ரொட்டியின் சராசரி 75, முழுக்கோதுமை ரொட்டியின் சராசரி 74. தவிடு நன்றாகப் பொடிந்துவிட்டால் மாவுச்சத்து செரிப்பதை அது பெரிதாகத் தடுப்பதில்லை. சர்க்கரை நோயாளிக்குத் ‘தாராளமாக’ என்ற சொல்லை ஒரு நாளிதழ் அச்சிடக் கூடாது.

கடையில் வாங்குவோருக்கும் ஒரு வரி. பழுப்பு நிறம் கேரமலிலிருந்தும் வரும். பாக்கெட்டில் சேர்மானங்கள் அளவில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. முதல் இடத்தில் மைதா, அல்லது சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு என்று இருந்தால், உறையில் என்ன பெயர் போட்டிருந்தாலும் அது மைதா ரொட்டிதான்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள், அடுமனைக் குறிப்புகளை இனிக் கிராமிலும் மில்லியிலும் அச்சிடுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஈஸ்ட் எந்த வகை, டின் என்ன அளவு, அறை எவ்வளவு சூட்டில் இருக்கும்போது எவ்வளவு நேரம் என்பவற்றையும் சேர்த்துப் போடுங்கள். அந்தக் குறிப்பின் திருத்தம் அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும். 36 டிகிரிச் சமையலறையில் நின்றுகொண்டு வெந்நீர் கலந்து, ஒரு மணி நேரம் காத்திருக்கப்போகிறவர்கள் இன்னமும் அதைக் கத்தரித்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
அடுமனைப் பயிற்சியாளர்,
கோயம்புத்தூர்